துப்பறிவாளர்களில் யாராக இருக்க ஆசை? சாம்பு முதல் கம்மாபுரம் வரை

துப்பறியும் கதை படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு ரகசிய ஆசை உண்டு. அந்தக் கதையில் வரும் துப்பறிவாளராகத் தானே இருந்தால் எப்படி இருக்கும்? மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "குற்றவாளி இவர்தான்" என்று விரல் நீட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஆசைப்படாதவர் யார்!

கல்லூரி கேன்டீனிலோ, ரயில் பயணத்திலோ இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கணேஷ் என்பார் ஒருவர், வசந்த் என்பார் இன்னொருவர். அவர்களுடைய அப்பாக்களைக் கேட்டால் சங்கர்லால். தாத்தாக்களைக் கேட்டால் திகம்பர சாமியார். இதில் வேடிக்கை என்னவென்றால், பதிலைக் கேட்டே ஆளின் வயதைக் கண்டுபிடித்துவிடலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம் தேவையில்லை!

ஒவ்வொரு தலைமுறையும் தன்னிடம் எது இல்லையோ அது இருக்கும் துப்பறிவாளராக ஆக ஆசைப்பட்டிருக்கிறது. அந்த ஆசையின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கம்மாபுரம் என்ற சிறிய ஊரில் வந்து முடியும்போது, அது வேடிக்கையாகவும் இல்லை.

முதல் வரிசை: மாறுவேடக்காரர்கள்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1887இல். தமிழுக்குத் துப்பறியும் கதை வர அதிக காலம் ஆகவில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பண்டித நடேச சாஸ்திரி, 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதை எழுதினார். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879இல்தான். அதாவது நாவல் பிறந்து 15 வருடத்துக்குள் துப்பறிவாளனும் பிறந்துவிட்டான்!

அதன்பிறகு ஒரு பெரிய கூட்டமே வந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். இந்தக் கதைகளில் பலவும் ஆங்கில நாவல்களைத் தழுவியவை. லண்டன் பிரபு ஜமீன்தார் ஆவார், குதிரை வண்டி ஜட்கா ஆகும். ஆனால் வாசகர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஜமீன் மாளிகைக்குள்ளும் வக்கீல் வீட்டு மாடியிலும் என்ன நடக்கிறது என்று வெளியே இருந்து எட்டிப் பார்க்கக்கூட முடியாத காலம் அது. மாறுவேடத்தில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் ஒருவர் கிடைத்தால் கொண்டாட மாட்டார்களா? 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' படத்தை எடுத்தபோது எம்.என்.நம்பியார் அதில் பல வேடங்களில் வந்தார். பின்னாளில் வில்லன் என்றே பெயர் வாங்கிய நம்பியார் அந்தப் படத்தின் நாயகன்.

ஆனாலும் திகம்பர சாமியாரை ரசிக்கலாமே தவிர, அவராக ஆக முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் மிக உயரத்தில் இருந்தார்.

யாரும் ஆசைப்படாத சாம்பு

அந்த உயரத்தைத் தரைக்கு இறக்கியவர் தேவன். ஆனந்த விகடனில் 1942இல் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' கதைகளின் நாயகன் ஒரு பாங்கு குமாஸ்தா. பெரிய மூக்கு, அசட்டு முழி. அவர் ஏதோ உளறுவார், எங்கேயோ தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான்! இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பார்த்து, சாம்புவின் மூளையே மூளை என்று வியந்துபோவார். ஊர் முழுக்க சாம்பு மேதை. வாசகருக்கு மட்டும் உண்மை தெரியும்.

சாம்புவாக ஆக ஆசையா என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். ஆனால் படித்தவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் சாம்புவாகத்தான் இருந்திருப்பார்கள். ஆபீஸில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் ஒரு குமாஸ்தாவுக்கு, ஒருநாள் தற்செயலாகவாவது தனக்கும் ஒரு மாலை விழாதா என்ற ஏக்கம் இருக்காதா? இன்னொன்றும் இருக்கிறது. 'பெரிய மூளை' என்று ஊர் கொண்டாடும் ஆட்களில் எத்தனை பேர் உண்மையில் சாம்புகள் என்ற சந்தேகத்தையும் தேவன் சிரித்துக்கொண்டே விதைத்துவிட்டுப் போனார். பிற்பாடு தூர்தர்ஷனில் சாம்புவாக காத்தாடி ராமமூர்த்தி வந்தபோது, இன்னொரு தலைமுறையும் அதே சிரிப்பைச் சிரித்தது.

தேநீர் அருந்தும் சங்கர்லால்

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பையன்களுக்கு சாம்பு போதவில்லை. அவர்களுக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் சங்கர்லாலைக் கொடுத்தார்.

சங்கர்லால் நல்ல உடை உடுத்துவார், நல்ல தமிழ் பேசுவார், விமானத்தில் பறப்பார். பெர்லின், ஹாங்காங் என்று கதைகள் நகரும். மனைவி இந்திரா, போலீஸ் அதிகாரி வகாப் என்று அவருக்கு ஒரு குடும்பமும் நட்பும் உண்டு. மூளை வேலை செய்ய வேண்டுமானால் தேநீர் வேண்டும். டீ குடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பையன்கள் சங்கர்லாலைப் படித்த பிறகு 'தேநீர் அருந்த' ஆரம்பித்தார்கள்!

பாஸ்போர்ட் என்பதைக் கண்ணால்கூடப் பார்க்காத வாசகர்கள் அவர்கள். பக்கத்து மாவட்டத்துக்குப் போய்வருவதே பெரிய பயணம். உலகத்தின் எந்த ஊரிலும் கூச்சம் இல்லாமல் நடக்கும் ஒரு தமிழனைப் பார்த்தபோது, அவனாகவே ஆகிவிட வேண்டும் என்று தோன்றியது இயல்புதான். ஆங்கிலம் தெரியாதவன் தாழ்ந்தவன் என்ற எண்ணத்துக்கு அந்த நல்ல தமிழ் ஒரு பதிலாகவும் இருந்தது.

இந்த ஆசை பிடித்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? சாட்சாத் தமிழ்வாணனேதான்! தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட அவருடைய முகம் பிரபலமான பிறகு, அவரே தன் நாவல்களில் துப்பறியும் நாயகனாக வர ஆரம்பித்தார். முகவரி எழுதாமல் ஒரு தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் வரைந்து தபாலில் போட்டாலும் கடிதம் அவருக்குப் போய்ச் சேரும் என்று சொல்லப்படுவதுண்டு. 'துணிவே துணை' என்பது கல்கண்டின் முழக்கம். 1977இல் அவர் மறைந்த பிறகும் அந்த வாசகம் மட்டும் ஆட்டோக்களின் முதுகில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது.

கணேஷா, வசந்தா?

1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' மூலம் சுஜாதா ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார். கணேஷ். இவர் போலீஸும் இல்லை, தனியார் துப்பறிவாளரும் இல்லை. வக்கீல்! சட்டம் தெரியும், ஆங்கிலம் தெரியும், விஞ்ஞானம் தெரியும். பின்னால் வந்து சேர்ந்த ஜூனியர் வசந்துக்கு இவை எல்லாமும் தெரியும், கூடவே குறும்பும் தெரியும். வசந்த் சொல்ல ஆரம்பித்து முடிக்காமலேயே விட்ட மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கின் முடிவு என்ன என்பது தமிழ் வாசகர்களின் தீராத மர்மம்.

சுஜாதா செய்த பெரிய மாற்றம், வாசகருக்கு இரண்டு வாய்ப்புகள் கொடுத்ததுதான். அதுவரை ஒரு கதைக்கு ஒரு நாயகன். இப்போது நண்பர்கள் கூட்டத்தில் ஒருவன் கணேஷ் கட்சி, இன்னொருவன் வசந்த் கட்சி. பொறுப்பான பையன்கள் கணேஷாக ஆக நினைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளுக்குள் எல்லோருக்கும் வசந்த் மேல்தான் கண்! 1978இல் 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்த் வக்கீல் கணேஷாக வந்தார். இன்டர்வியூவுக்குப் போய் ஆங்கிலத்தில் தடுமாறிய பட்டதாரிகளின் காலம் அது. யார் முன்னாலும் தடுமாறாமல் கேள்வி கேட்கும் இரண்டு வக்கீல்களை அவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ!

1980களில் பாக்கெட் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் கொடிகளில் தொங்க ஆரம்பித்தன. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. இப்போதுதான் பெண் வாசகர்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. சங்கர்லாலின் இந்திரா பெரும்பாலும் வீட்டில் இருந்தார். மூன்லைட் ஏஜென்ஸியின் சுசீலாவோ வாசகம் எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பரத்தோடு சரிக்குச் சரி வேலைக்குப் போனார். ஈகிள்ஸ் ஐயின் வைஜயந்தியும் அப்படித்தான். அந்த ஆசையில் துப்பறிவது பாதி என்றால், தன் காலில் நின்று சம்பளம் வாங்குவது மீதி.

யாரும் கேட்காத கேள்வி

விருத்தாசலம் என்றால் பலருக்கும் பீங்கான் பொம்மை ஞாபகம் வரும். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் அச்சு. அதில் களிமண் குழம்பை ஊற்றினால், அச்சு எப்படியோ பொம்மையும் அப்படி. பிள்ளையார் அச்சில் குதிரை வராது.

துப்பறியும் கதைகளிலும் சில அச்சுகள் உண்டு. துப்பறிவாளர் ஓர் அச்சு. திறமை குறைந்த, ஆனால் நல்லவரான இன்ஸ்பெக்டர் ஓர் அச்சு. கோபாலனும் வகாப்பும் நல்லவர்கள்தானே! இன்னொரு முக்கியமான அச்சும் இருக்கிறது: முதலில் சந்தேகிக்கப்படும் ஆள். வேலைக்காரர், தோட்டக்காரர், டிரைவர், ஊருக்குப் புதிதாக வந்த பரதேசி. இரண்டாம் அத்தியாயத்திலேயே போலீஸ் அவரைப் பிடித்துவிடும். ஆனால் பத்து நாவல் படித்த பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும், அவர் குற்றவாளி இல்லை என்று. இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கிறதே!

"எந்தத் துப்பறிவாளராக இருக்க ஆசை?" என்று கேட்பவர்கள் உண்டு. "முதலில் பிடிபடும் அந்த ஆளாக இருந்தால் என்ன ஆகும்?" என்று யாரும் கேட்பதில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலுக்கு ஒருமுறை அந்தக் கேள்வி நேராகவே வந்தது. ஜார்ஜ் எடல்ஜி என்பவர் பர்மிங்ஹாமில் வக்கீல். அவருடைய அப்பா பம்பாயைச் சேர்ந்த பார்சி, கிறிஸ்தவராக மாறி இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். அந்தக் கிராமத்துப் பக்கம் இரவில் யாரோ குதிரைகளையும் மாடுகளையும் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பழி அந்த ஊரில் வித்தியாசமாகத் தெரிந்த எடல்ஜி மேல் விழுந்தது. 1903இல் ஏழு வருடச் சிறைத்தண்டனை. மூன்று வருடம் கழித்து விடுதலையானார், ஆனால் குற்றவாளி என்ற பெயர் போகவில்லை.

டாயில் அவரைச் சந்திக்கப் போனபோது, அவர் ஒரு ஹோட்டலில் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் மருத்துவம் படித்த டாயிலுக்கு அது போதும். இவ்வளவு பார்வைக் குறைவு உள்ளவர் கும்மிருட்டில் வயல்களைத் தாண்டிப் போய்க் குதிரையைக் கிழித்தாரா? 1907இல் டாயில் பத்திரிகையில் எழுதினார், அரசு விசாரணைக் குழு அமைத்தது, எடல்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது. நஷ்டஈடு மட்டும் கிடைக்கவில்லை. அதே 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் வந்தது. அதற்கான காரணங்களில் இந்த வழக்கும் ஒன்று.

கம்மாபுரம், 1993

கம்மாபுரத்திலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஆனால் அங்கே எந்த ஷெர்லாக் ஹோம்ஸும் நேரத்துக்கு வரவில்லை.

1993 மார்ச் மாதம். விருத்தாசலம் பக்கத்தில் முதனை என்ற கிராமம். நகைத் திருட்டு ஒன்றில் சந்தேகம் என்று சொல்லி, குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணுவைப் போலீஸ் பிடித்தது. கொண்டுபோன இடம் கம்மாபுரம் காவல் நிலையம். அங்கே நடந்த சித்திரவதையில் அவர் இறந்துபோனார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். உடலோ வேறு மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது.

ஏன் ராஜாக்கண்ணு? அந்த அச்சு மிகவும் பழையது. 1871இல் வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே ஒருவரைத் திருடர் என்று எழுதிவைக்க அது இடம் கொடுத்தது. குறவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் புத்தகத்திலிருந்து நீக்கியதால் மனதிலிருந்து நீங்கிவிடுமா? 46 வருடம் கழித்தும் நகை காணாமல் போனால் போலீஸ் ஜீப் போய் நின்ற இடம் அதே குடிசைகள்தான். நாவல் என்றால் இரண்டாம் அத்தியாயம். இங்கே அதுவே கடைசி அத்தியாயமாகிவிட்டது.

ஆனால் கதை அதோடு முடிய விடாமல் பார்த்துக்கொண்டார் ஒருவர். அவர் துப்பறிவாளர் இல்லை, வக்கீல் இல்லை. ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதி. "என் கணவர் எங்கே?" என்ற ஒரே கேள்வியை அவர் விடாமல் கேட்டார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணைக்கு வந்தார்கள். வழக்கறிஞர் கே.சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். காணாமல் போனவரைக் கொண்டுவந்து நிறுத்து என்று அரசையே கேட்கும் மனு அது. விசாரணை நகர நகர, 'தப்பி ஓடிய' கதை உடைந்தது. 13 வருடம் கழித்து, 2006இல் உயர் நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சந்துரு உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.

இந்த வழக்கை வைத்துத்தான் 2021இல் த.செ.ஞானவேல் இயக்கத்தில் 'ஜெய் பீம்' படம் வந்தது. சூர்யா வக்கீல் சந்துருவாக நடித்தார். படத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இருளர்களாக மாற்றப்பட்டிருந்தார்கள். படம் வந்த பிறகு, எத்தனையோ மாணவர்கள் சட்டம் படித்துச் சந்துருவாக ஆக வேண்டும் என்று சொன்னார்கள். கணேஷுக்கு அடுத்து இன்னொரு வக்கீல்! இந்த முறை கற்பனை ஆள் இல்லை என்பது நல்ல முன்னேற்றம்தான்.

காவல் நாயும் மோப்ப நாயும்

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் ஆடிட்டிங் பாடத்தில் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு வரும். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு, 1896. தணிக்கையாளர் காவல் நாயைப் போன்றவர், மோப்ப நாய் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் புகழ்பெற்ற பகுதி. பரீட்சைக்கு எல்லோரும் எழுதுவது இந்த ஒரு வரியைத்தான். அதன் பக்கத்திலேயே அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு கருத்தும் இருக்கிறது. தணிக்கையாளர் துப்பறிவாளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தவறு நடந்திருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டியதும் இல்லை என்பதே அது.

இதில் துப்பறிவாளருக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது. நல்ல துப்பறிவாளர் முன்கூட்டியே முடிவு கட்டுவதில்லை. சங்கர்லாலும் கணேஷும் ஒவ்வொரு கதையிலும் செய்தது, மற்றவர்கள் கட்டிய முடிவை அவிழ்த்ததுதான். இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கைகாட்டியதும், "இருங்கள், அவர்தான் என்று எப்படித் தெரியும்?" என்று அவர்கள் கேட்டார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தேநீர், மெக்ஸிகோ ஜோக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மீதி நிற்பது இந்த ஒரு கேள்விதான்.

மாளிகைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்ட தலைமுறை திகம்பர சாமியாரைக் கொண்டாடியது. உலகம் சுற்ற ஆசைப்பட்ட தலைமுறை சங்கர்லாலாக நினைத்தது. தடுமாறாமல் பேச ஆசைப்பட்ட தலைமுறை கணேஷையும் வசந்தையும் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போக ஆசைப்பட்ட பெண்கள் சுசீலாவை விரும்பினார்கள். இவற்றில் எந்த ஆசையும் தப்பில்லை.

ஆனால் எந்தக் கதையிலும் துப்பறிவாளர்கள் கம்மாபுரத்துக்கு வந்ததில்லை. சென்னை, பெர்லின், ஹாங்காங் எல்லாம் போனார்கள். நாவலில் வராத ஊரில், நாவலில் பெயர்கூட வைக்காமல் விட்டுவிடும் ஓர் ஏழைப் பெண், எந்த மாறுவேடமும் போடாமல், கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 13 வருடம் நின்றார்.

துப்பறிவாளர்களில் யாராக இருக்க ஆசை என்று அடுத்த முறை யாராவது கேட்டால், பார்வதியின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். அது சுலபமான ஆசை இல்லை. ஆனால் ஊரில் ஒரு நகை காணாமல் போய், எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டும்போது, "எப்படித் தெரியும்?" என்று கேட்க ஒருவராவது இருப்பார்.